கப்பல் உங்களுக்காகக் காத்திருக்குமா? கரீபியன் க்ரூஸில் கரை இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மெக்சிகோவின் கோசுமெல் தீவு. கடலுக்குள் நீளும் கப்பல் துறை. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஷாப்பிங் பை என்று இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். மேலே கப்பலின் பால்கனிகளில் நின்று நூற்றுக்கணக்கானோர் விசிலடிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். இப்படி ஓடி வருபவர்களுக்கு க்ரூஸ் உலகில் ஒரு பெயரே உண்டு: 'பியர் ரன்னர்ஸ்'.

பார்க்கிறவர்களுக்கு அது காமெடி. ஓடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. சில நிமிடங்கள் பிந்தினால் பெட்டி, மருந்து, சில சமயம் பாஸ்போர்ட் எல்லாமே கப்பலோடு கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு ஃப்ளைட் பிடிப்பது அவர்கள் செலவு.

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருப்பதுதான் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்'. தமிழில் சொன்னால் கரைச் சுற்றுலா. கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் யாரிடம் புக் பண்ணுவது, எவ்வளவு தூரம் போவது, தாமதமானால் யார் பொறுப்பு என்ற கேள்விகளில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

கப்பல் ஏன் இத்தனை இடத்தில் நிற்கிறது?

கடலும் வெயிலும் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் 1886-ல் வந்த ஒரு சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்ட கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் பயணமாக இருந்தாலும், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலாவது நின்றாக வேண்டும்.

பெரிய க்ரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில்தான் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் மயாமியில் இருந்து கிளம்பும் மூன்று நாள் குட்டிப் பயணத்தில்கூட பஹாமாஸின் நசாவோ, அங்குள்ள ஒரு தனித் தீவோ கட்டாயம் இடம்பிடிக்கிறது.

நீண்ட பயணமென்றால் கோசுமெல், ஜமைக்கா, கிராண்ட் கேமன், செயின்ட் மார்ட்டின், செயின்ட் தாமஸ், செயின்ட் லூசியா, பார்படோஸ் என்று பட்டியல் நீளும். பொதுவாகக் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். கையில் இருப்பது எட்டு மணி நேரம். இறங்குவது, வரிசை, திரும்ப ஏறுவது எல்லாம் கழித்தால் ஆறு மணி நேரம் மிஞ்சலாம்.

கப்பலில் புக் பண்ணலாமா, வெளியில் புக் பண்ணலாமா?

க்ரூஸ் போகும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கப்பல் நிறுவனத்தின் ஆப்பிலோ கவுன்ட்டரிலோ வாங்கும் டூருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அந்த டூர் பேருந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை வந்தாலும், அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்கும். வானிலை சரியில்லாமல் கப்பல் அந்தத் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால், டூர் பணம் தானாகவே திரும்ப வந்துவிடும்.

வெளியில் நேரடியாக உள்ளூர் ஆட்களிடம் புக் பண்ணினால் பெரும்பாலும் விலை குறைவு, கூட்டமும் குறைவு. நாற்பது பேர் பேருந்துக்குப் பதில் எட்டுப் பேர் வேன். பிடித்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கலாம். ஆனால் லேட் ஆனால் கப்பல் நிற்காது. கப்பல் வரவே இல்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் அந்த ஆபரேட்டரின் விதியைப் பொறுத்தது. முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

2024-ல் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் இது உலகச் செய்தியானது. வெளியில் புக் பண்ணிய டூருக்குப் போன எட்டுப் பயணிகள் குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. பல நாடுகள் வழியாக அலைந்துதான் அவர்களால் மீண்டும் கப்பலைப் பிடிக்க முடிந்தது.

இரண்டில் எது சரி? தூரத்தை வைத்து முடிவு செய்யலாம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே நடந்துபோய்ப் பார்க்கும் இடமென்றால் டூரே தேவையில்லை. அரை மணி நேரத் தூரமென்றால் உள்ளூர் ஆபரேட்டர் போதும். படகு, பேருந்து என மாறி மாறிப் போய் அரை நாள் ஆகும் இடமென்றால் கப்பல் டூருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் ஒரு வகையில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான்.

உங்கள் போன் காட்டும் நேரம் தப்பாக இருக்கலாம்

பியர் ரன்னர்ஸ் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை. பல பேரை ஏமாற்றுவது செல்போன்.

கோசுமெல் இருக்கும் குவின்டானா ரூ மாநிலம் 2015-ல் இருந்து வருடம் முழுக்க ஒரே நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் மயாமியில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள். அதனால் கோடையில் மயாமியில் மாலை 4 மணி என்றால் கோசுமெலில் 3 மணி.

கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். '4 மணிக்குள் எல்லோரும் ஏற வேண்டும்' என்று அறிவிப்பு. கரையில் இறங்கியதும் போன் உள்ளூர் டவரைப் பிடித்து நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்கிறது. போனில் மணி 3. 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே' என்று நீங்கள் இன்னொரு ஜூஸ் ஆர்டர் பண்ணும்போது, கப்பலில் கதவை மூடும் வேலை தொடங்கியிருக்கும்.

சில கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், சில மாறாது. எனவே இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இன்று கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா?' பேட்டரியில் ஓடும் சாதாரண வாட்ச் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு இறங்குவது, க்ரூஸ் போய்ப் பழகியவர்கள் செய்யும் எளிய வேலை.

இன்னொன்று. 'கப்பல் கிளம்பும் நேரம்' வேறு, 'ஏறி முடிக்க வேண்டிய நேரம்' வேறு. இரண்டாவது, பொதுவாக அரை மணி நேரமாவது முந்தியே வரும். கணக்குப் போட வேண்டியது அதை வைத்துத்தான்.

கரையைத் தொடாத கப்பல்

கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் துறை இல்லை. கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும். சின்னப் படகுகள் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும். இதற்கு 'டெண்டர்' என்று பெயர். கப்பல் டூர் வாங்கியவர்களுக்கு முதல் படகுகளில் இடம் கிடைக்கும். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். அதனால் இங்கே வெளியில் டூர் புக் பண்ணுகிறவர்கள், கப்பல் வந்த உடனே தொடங்கும் டூரை எடுப்பது ரிஸ்க். அலை அதிகமென்றால் டெண்டரே ரத்தாகும்.

'ஒரு துறை கட்டிவிட்டால் முடிந்ததே' என்று தோன்றலாம். கேமன் தீவு மக்களிடம் 2025 ஏப்ரலில் இதையே வாக்கெடுப்பாகக் கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். பெரிய கப்பல்கள் வந்தால் கூட்டம் தாங்குமா, துறைமுகத்தை ஒட்டிய பவளப்பாறைகள் என்ன ஆகும் என்ற கவலைகள் பல வருடங்களாகவே அங்கே பேசப்பட்டு வந்தவை.

அந்தக் கடல்தான் அந்தத் தீவின் சொத்து. அங்குள்ள 'ஸ்டிங்ரே சிட்டி' கரீபியனின் மிகப் பிரபலமான டூர்களில் ஒன்று. இடுப்பளவு தண்ணீரில் மணல் திட்டில் நின்றால், திருக்கை மீன்கள் காலைச் சுற்றி வரும். ஒருகாலத்தில் மீனவர்கள் அந்த அமைதியான பகுதியில் படகை நிறுத்தி மீன் கழுவிக் கழிவை வீசுவார்கள். அதைத் தின்ன வந்து பழகிய திருக்கைகள் இன்று சுற்றுலாவையே நடத்துகின்றன.

எங்கே என்ன பார்க்கலாம்?

நசாவோ, பஹாமாஸ்: டூர் தேவையில்லை. துறைமுகத்திலிருந்து நடந்தே 'குயின்ஸ் ஸ்டெயர்கேஸ்' போகலாம். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகளாக இருந்தவர்கள் சுண்ணாம்புப் பாறையைக் கையால் வெட்டி அமைத்த படிக்கட்டு அது.

சான் ஹுவான், போர்ட்டோ ரிக்கோ: பழைய நகரம் துறைமுகத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வசதியான ஷூ மட்டும் போதும்.

கோசுமெல், மெக்சிகோ: கடலுக்கு அடியில் பவளப்பாறை பார்க்க வருகிறவர்களின் சொர்க்கம். பலர் துலும் என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஆனால் துலும் இந்தத் தீவில் இல்லை. படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரம். போக, வர என நாளின் பாதி பயணத்திலேயே போய்விடும். இதற்குக் கப்பல் டூர்தான் பாதுகாப்பு. தீவிலேயே மாயா இடிபாடு பார்க்க வேண்டுமென்றால் சான் ஹெர்வாசியோ இருக்கிறது.

செயின்ட் மார்ட்டின்: தலைக்கு மேல் விமானம் உரசிப் போகும் மாஹோ கடற்கரை இங்கேதான். ரீல்ஸில் அழகாக இருக்கும். ஆனால் பெரிய விமானங்கள் கிளம்பும்போது வரும் காற்றின் வேகம் ஆளையே தூக்கி எறியும். 2017-ல் ஒரு பெண் அப்படித்தான் உயிரிழந்தார். வேலிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். வழியில் உள்ள சிம்சன் பே பாலம், பாய்மரப் படகுகளுக்காக அவ்வப்போது திறக்கப்படும். அந்த நேரத்தில் டிராஃபிக் அசையாது. திரும்பும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் லூசியா: கடலிலிருந்து நேராக எழும் இரண்டு பிட்டோன் மலைகள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தவை. கப்பல் நிற்பது வடக்கே காஸ்ட்ரீஸில், மலைகள் இருப்பது தென்மேற்கில். சாலை முழுக்க வளைவுகள். வாந்தி வரும் உடல்வாகு உள்ளவர்கள் படகு வழி டூர் எடுக்கலாம்.

குவாதலூப்: தமிழர்களுக்கு இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1854-ல் தொடங்கி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். கப்பெஸ்டேர் ஊரில் இன்றும் மாரியம்மன் வழிபாடு நடக்கும் கோயில் இருக்கிறது. உணவகங்களில் 'கொலம்போ' என்ற பெயரில் மசாலா கறி கிடைக்கும். அந்தப் பெயரின் வேர் நம் 'குழம்பு'தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. கப்பல் டூர் பட்டியல்களில் பெரும்பாலும் அருவியும் கடற்கரையும்தான் முன்னால் நிற்கும். கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் டாக்ஸி பேசிக்கொள்வது நல்லது.

பணம் எங்கே போகிறது?

கரீபியன் தீவுகள் பலவற்றுக்குச் சுற்றுலாதான் சோறு. ஆனால் க்ரூஸ் பயணி ஹோட்டலில் தங்குவதில்லை. காலை உணவும் இரவு உணவும் கப்பலில்தான். தீவுக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரச் செலவு மட்டும். அதில் பெரிய பகுதி டூருக்குத்தான் போகிறது. கப்பல் வழியாக வாங்கிய டூர் என்றால், அந்தப் பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்த பிறகுதான் மிச்சம் உள்ளூர் ஆபரேட்டருக்குப் போகும்.

ஷாப்பிங்கிலும் இதே கதைதான். கப்பலில் 'இந்தக் கடையில் வாங்குங்கள்' என்று வரைபடம் கொடுப்பார்கள். அந்தக் கடைகளில் பல, அந்தப் பட்டியலில் இடம்பெறப் பணம் கட்டியவை. அது சிபாரிசு மாதிரி இருக்கும் விளம்பரம்.

ஜமைக்காவின் ஃபால்மவுத் ஓர் உதாரணம். 18-ம் நூற்றாண்டுக் கட்டடங்கள் நிறைந்த பழைய ஊர். அரசுத் துறைமுக ஆணையமும் ஒரு க்ரூஸ் நிறுவனமும் சேர்ந்து 2011-ல் இங்கே பெரிய துறைமுகம் திறந்தன. ஆனால் பல பயணிகள் துறைமுக வளாகத்துக்குள்ளேயே பேருந்தில் ஏறி, டன்ஸ் ரிவர் அருவிக்குப் போய்விட்டு, அதே வளாகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரர்களின் கடைகளை அவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதன் அடுத்த கட்டம்தான் தனித் தீவுகள். நார்வீஜியன் நிறுவனம் 1977-லேயே பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே தீவைப் பயன்படுத்தத் தொடங்கியது. டிஸ்னி 1998-ல் காஸ்ட்அவே கே-யைத் திறந்தது. ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவில் கோகோகே தீவை வாட்டர் பார்க்கோடு மாற்றியமைத்து 2019-ல் திறந்தது. கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமாவில் 'செலிப்ரேஷன் கீ'-யைத் திறந்தது.

பயணிக்கு இது வசதி. பேரம் இல்லை, தொல்லை இல்லை, லேட் ஆகும் பயமும் இல்லை. ஆனால் அங்கே வாட்டர் பார்க், கேபானா, மது என்று செலவாகும் டாலரில் பெரும்பகுதி கப்பல் நிறுவனத்துக்கே திரும்பிப் போகிறது. 2024 ஜனவரியில் கடலுக்கு வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் போகலாம். அத்தனை பேர் நசாவோ கடைத்தெருவில் இறங்குவதற்கும் தனித் தீவில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு டாக்ஸி டிரைவரின் அன்றைய வருமானம்.

அரசுகளும் சும்மா இல்லை. க்ரூஸ் பயணிகளுக்குத் தலைக்கு 42 டாலர் வரி என்று மெக்சிகோ 2024 இறுதியில் முடிவெடுத்தது. நிறுவனங்கள் எதிர்த்தன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2025 ஜூலையில் இருந்து 5 டாலர், பிறகு படிப்படியாக உயர்வு என்று முடிந்தது. பேரம் கடற்கரையில் மட்டும் நடப்பதில்லை.

'கப்பல் டூர்' என்றால் கப்பல் நடத்துவது இல்லை

பலர் கவனிக்காத விஷயம் இது. கப்பலில் டிக்கெட் வாங்கினாலும் பேருந்தும் படகும் டிரைவரும் உள்ளூர் நிறுவனத்துடையவை. டிக்கெட் ஒப்பந்தத்திலேயே 'இவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள்' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் அந்த வரிதான் முதலில் வந்து நிற்கும்.

2017 டிசம்பரில் மெக்சிகோவின் கோஸ்டா மாயா துறைமுகத்திலிருந்து மாயா இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்பிய பேருந்து கவிழ்ந்தது. க்ரூஸ் பயணிகள் உட்பட 12 பேர் உயிரிழந்தார்கள். கப்பலில் வாங்கிய டூர் நேரத்துக்குப் பாதுகாப்பு தரும். சீட் பெல்ட்டுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் அது உத்தரவாதம் இல்லை. அதை நீங்கள்தான் பார்த்துக் கேட்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும் ஜிப்லைன், ஸ்கூபா போன்றவை அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள். ஸ்கூபா டைவ் பண்ணினால் விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடைசித் துறைமுகத்தில் மாலை டைவ், மறுநாள் காலை ஃப்ளைட் என்று திட்டம் போட்டால் உடம்புக்கு ஆபத்து.

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்?

'பிறப்புச் சான்றிதழே போதும், பாஸ்போர்ட் வேண்டாம்' என்று அமெரிக்க நண்பர்கள் சொல்வார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு. இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். அமெரிக்காவில் கிளம்பி அங்கேயே திரும்பும் பயணமென்றால், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எச்-1பி-யில் வேலை பார்ப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். காலாவதியான ஸ்டாம்போடு குறுகிய பயணம் போய்த் திரும்பும் சலுகை அவர்களுக்குக் கனடா, மெக்சிகோவுக்கு மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கு இல்லை. தீவுக்குத் தீவு விசா விதியும் மாறும். புக் பண்ணும் முன் ஒவ்வொரு நாட்டின் விதியையும் செக் பண்ணுங்கள்.

இறங்கும் முன் ஒரு நிமிடம்

- கப்பல் நேரம் காட்டும் வாட்ச், கப்பல் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், அவசர மருந்து ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
- அந்தத் துறைமுகத்தில் உள்ள கப்பல் ஏஜென்ட்டின் எண் தினசரி அறிவிப்புத் தாளில் இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான்.
- ராணுவ டிசைன் உடை வேண்டாம். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அணிவது சட்டவிரோதம்.
- சன்ஸ்கிரீன் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை செயின்ட் தாமஸ் இருக்கும் அமெரிக்க வெர்ஜின் தீவுகள் 2020-ல் தடை செய்துவிட்டன.
- சொந்தமாகச் சுற்றினால், ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குத் திரும்புவது போலத் திட்டமிடுங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம் வீண் போகாது. துறைமுக வளாகத்துக்குள் போகாமல், வாசலுக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னக் கடையில் உட்காருங்கள். உள்ளூர்ச் சாப்பாடு ஒரு தட்டு வாங்குங்கள். கப்பல் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கும். நீங்கள் ஓட வேண்டியதில்லை. கொடுக்கும் பணமும் அந்த ஊரிலேயே தங்கும்.